பன்னிரண்டு படம் போதும்!

நம்ம பள்ளியில் பிளஸ் டூ முடித்த அண்ணன்களில் சிலர் வருஷா வருஷம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வேலைக்குப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், "நீ எடுத்ததைக் காட்டுப்பா" என்று பெண் வீட்டுக்காரர் கேட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? செல்போனை நீட்டி இருநூறு படத்தைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். பாதி ஸ்டுடியோ முதலாளி எடுத்தது. கொஞ்சம் நெட்டில் சுட்டது! பார்க்கிறவர் பத்தாவது படத்திலேயே கொட்டாவி விடுகிறார்.

பன்னிரண்டு படம் போதும் என்பது என் கட்சி. பிரிண்ட் போட்டு, சின்ன ஆல்பமாக, கையில் கொடுக்க வேண்டும். சுமாரான படம் ஒன்று இருந்தால் அதுதான் அவர் மனசில் நிற்கும். எதை எடுத்துப் போடுவது என்று நம்மால் முடிவு பண்ண முடியாது, எல்லாமே நம்ம பிள்ளை மாதிரி தெரியும். அதனால் சொந்தக்காரர் அல்லாத ஒருத்தரிடம் கொடுத்துக் கழிக்கச் சொல்லணும். மணப்பெண் முகமே பன்னிரண்டிலும் வேண்டாம். மண்டபத்து ட்யூப்லைட், ஓமப் புகை, அறுபது பேர் நிற்கிற குரூப் போட்டோ... இதையெல்லாம் சமாளித்த படம்தான் "இந்தப் பையன் வேலை தெரிஞ்சவன்" என்று சொல்லும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் உரிமையாளர். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு எடுத்தால் பொதுவாக முதலாளி பக்கம். அப்போ கல்யாண வீட்டுப் படத்தை நம்ம ஆல்பத்தில் வைக்க அவங்களைக் கேட்கணும். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அது வேறு.

வேலையே கிடைக்காதவன் எதை வைப்பான்? பழனிகுமாரைப் பாருங்கள். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். அம்மா வாங்கிய கடனில்தான் 2013-ல் அவருக்கு முதல் கேமரா வந்தது. அதை வைத்துக்கொண்டு அம்மாவையே எடுத்தார், மீன் விற்கிற இடத்தில். பிறகு துப்புரவுத் தொழிலாளர்களையும், சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் எடுத்தார். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருது அவருக்குத்தான். அவர் ஆல்பத்தில் வெளிநாட்டு மலையும் இல்லை, வாடகை கோட்டும் இல்லை. தனக்குத் தெரிஞ்ச வாழ்க்கையை எடுத்தார், அந்தப் படங்களே அவருக்கு வேலை தேடிக் கொடுத்தன. (கல்யாண போட்டோ மட்டம் என்று நான் சொல்லவில்லை. சோறு போடுகிற தொழில்.)

நமக்கு ஜவ்வாது மலை இருக்கிறது. காவலூரில் 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்ததே இங்கே இரவு அவ்வளவு இருட்டு என்பதால்தான். ஸ்டாண்டில் கேமராவை வைத்து இருபது செகண்ட் திறந்து வைத்தால் நட்சத்திரம் கொட்டும். ஏலகிரியில் விடுதி நடத்துகிறவர் அந்தப் படத்துக்குக் காசு கொடுப்பார்.

ஆனால் எங்க புதூர்நாடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிறவர்கள் செய்வதை நாம் செய்யக்கூடாது. சாமை புடைக்கிற பாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் 'க்ளிக்' பண்ணிவிட்டுப் போகிறார்கள். பாட்டி முகம் யாரோ ஒருத்தர் ஆல்பத்தில் இருக்கிறது. பாட்டிக்கு ஒரு பிரிண்ட்கூட வரலை. கேட்டுவிட்டு எடுத்தால் பாட்டி முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு நேராகப் பார்ப்பார். அந்தப் பார்வை திருட்டுத்தனமாக எடுத்த படத்தில் வரவே வராது.

கேமரா இல்லையென்றால் செல்போன் போதும். அரையாண்டு லீவில் உங்க வீட்டில், உங்க தெருவில் எடுங்கள். கழித்துக் கட்டிய பன்னிரண்டை 4×6-ல் பிரிண்ட் போட்டு வந்தால் இந்தப் பலகையிலேயே ஒட்டலாம், தமிழ் ஐயாவிடம் கேட்டாச்சு!