வந்துபோகும் மேடை, வளராத குரல்

முத்தமிழ் என்னும் சொல்லை உச்சரிக்காத தமிழ் விழா சிங்கப்பூரில் அரிது. இயல், இசை, நாடகம் என மூன்றையும் அடுக்கிச் சொன்னதும் அவை கைதட்டுகிறது. சொன்னவரும் மனநிறைவோடு தம் இருக்கையில் அமர்கிறார். அம்மூன்றும் ஒரே உடலில், ஒரே வேளையில் கூடும் கலை ஒன்று தமிழரிடம் உண்டு. அதுவே இசைநாடகம். நின்றும் நடந்தும், உருகியும் சினந்தும், பாடிக்கொண்டே நடிக்கும் கலைஞரை அது உருவாக்கியது. அத்தகைய கலைஞரைப் பயிற்றி எடுக்கும் இடம் இந்நாட்டில் எது என்று ஒருவர் கேட்டால் நாம் எந்தக் கட்டடத்தைச் சுட்டிக்காட்டுவோம்? எந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லுவோம்?

பணமில்லாமையால் இந்தக் குறை நேரவில்லை. சென்னையிலிருந்து திரைப்பாடகர்களும் நகைச்சுவை நடிகர்களும் விமானமேறி வருகிறார்கள். அரங்குகள் நிறைகின்றன, நூறு வெள்ளி கொடுத்தும் நுழைவுச்சீட்டு வாங்க ஆளிருக்கிறது. மறுநாள் காலை அவர்கள் திரும்பிப் போகிறார்கள். அவர்களோடு பாட்டும் போய்விடுகிறது. விருந்தினரை வரவேற்பதில் நம்மை விஞ்ச ஆளில்லை. விருந்தினரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளாமல் அனுப்பிவைப்பதிலும் நமக்கு நிகரில்லை. இந்த இரண்டாவது வழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்துவது நமக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நாடகக் கம்பெனிகள் மதுரையிலும் தஞ்சையிலும் மட்டுமா கொட்டகை போட்டன? இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. திரைச்சீலைகளையும், வேடப்பெட்டிகளையும், கால் ஹார்மோனியத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து பாடி நடிக்கத் தொடங்கிய இடம் கொழும்பு என்பதை இன்றைய இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

அக்காலக் கம்பெனிக்கும் இன்றைய நட்சத்திர இரவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்றைய கம்பெனியே பள்ளிக்கூடமாகவும் இருந்தது. கப்பலில் வந்தவர்களுள் பாதிப்பேர் மாணவர்கள். அவர்களோடு வாத்தியாரும் வந்தார். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியபோது சிறுவர்களையே சேர்த்துக்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களைப் படைத்த அவர், பாட்டை எழுதி நீட்டியதோடு நின்றவர் அல்லர். எந்தத் தொண்டைக்கு எந்தப் பாட்டு என்று அறிந்து எழுதியவர். சிறுவர் குழுவுக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் அவர் எழுதி முடித்ததை, அவரிடம் பயின்ற ஔவை தி.க. சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். 1922ஆம் ஆண்டு சுவாமிகள் மறைந்த பின்னரும் அவர் பயிற்றிய சிறுவர்கள் தமிழ்மேடையை அரை நூற்றாண்டு தாங்கினார்கள்.

அப்பயிற்சியின் தன்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிச் சுருதி வைத்துக்கொள்வர்; நாடக மேடையிலோ ராஜபார்ட் நடிகர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடினார். பாடிய மறுநொடியே மூச்சு வாங்காமல் வசனம் பேச வேண்டும். எதிரில் நிற்பவர் தர்க்கப் பாட்டில் மடக்கினால், அதே மெட்டில், அதே தாளத்தில் விடை சொல்ல வேண்டும். ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவனை என்ன செய்வது, எந்த வேடத்துக்கு மாற்றுவது என்பதையும் வாத்தியார் அறிந்திருந்தார். குரலைப் பற்றிய இவ்வளவு அறிவும் நூல்களில் தங்கவில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கு வாய்வழியாகவே சென்றது. அச்சங்கிலி அறுந்த இடத்தில் அறிவும் அறுந்தது.

அந்தப் பள்ளியை நான் பொற்காலமாகச் சித்திரிக்க வரவில்லை. வறுமையினால் பெற்றோர் பிள்ளைகளைக் கம்பெனியில் ஒப்படைத்தனர். அடியும் பசியும் தூக்கமின்மையும் அப்பிள்ளைகளின் அன்றாடமாயின. குரல் போனவனைக் கைவிட்ட கம்பெனிகளும் உண்டு. இக்கொடுமை தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் இசைநாடக மேடைகளுக்குப் பாடகர்களை வழங்கிய நேப்பிள்ஸ் நகரத்து இசைப்பள்ளிகள், ஆதரவற்ற சிறுவர் இல்லங்களாகத் தொடங்கியவை. பெய்ஜிங்கில் 1904இல் தோன்றிய ஃபூ லியன் செங் பள்ளி பிரம்போடு பாடம் நடத்தியது. ஆயினும் அவ்விரு நாட்டினரும் பிரம்பைக் கைவிட்ட போது பாடத்தைக் கைவிடவில்லை. முறையைச் சீர்திருத்தி முறையான கல்லூரிகளில் அமர்த்தினார்கள். நாமோ பிரம்போடு பாடத்தையும் சேர்த்து எறிந்துவிட்டு, எறிந்ததற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

விருந்தாக வந்த கலையை வீட்டுக் கலையாக்கிய மக்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இத்தீபகற்பத்துக்கு வந்தன. தமிழ் நாடக மேடைக்கு ஓவியத் திரைகளையும் புதிய மெட்டுகளையும் தந்த அதே மரபுதான் அது. மலாய் மக்கள் அதைப் பார்த்தார்கள்; வியந்தார்கள்; வியப்போடு நிற்கவில்லை. 1880களில் பினாங்கில் தம் மொழியில், தம் நடிகர்களைக் கொண்டு பங்சாவான் என்னும் இசைநாடகத்தை உருவாக்கினார்கள். அது சிங்கப்பூருக்கும் வந்தது. 1923இல் ஜாலான் புசாரில் திறக்கப்பட்ட நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் பங்சாவானும் சீன இசைநாடகமும் மேடையேறின. அப்பூங்கா தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. அந்தத் தொலைவைக்கூட நம் சிந்தனை நடக்கவில்லை.

இன்று நம் மேடையில் நடப்பது என்ன? சில ஆண்டுகளுக்கு முன் மண்டபம் ஒன்றில் புராண நாடகம் பார்த்தேன். உடை பகட்டாக இருந்தது. ஒளியமைப்பு கண்ணைப் பறித்தது. நாயகன் பாடத் தொடங்கினான். வாய் அசைந்தது, குரல் பெட்டியிலிருந்து வந்தது. பாட்டின் நடுவே ஒலிப்பதிவு நின்றுபோயிற்று. அவன் திறந்த வாயோடு நின்றான். அவன்மீது எனக்குச் சினமில்லை. அவனுக்குப் பாடக் கற்றுக்கொடுக்காமல் கிரீடத்தை மட்டும் சூட்டி மேடையில் நிறுத்திய நம் எல்லார்மீதும்தான் சினம்.

பயிற்சிக்கூடம் வேண்டும் என்றால் மூன்று தடைகளைச் சொல்கிறார்கள்.

முதல் தடை: "கர்நாடக இசை கற்பிக்க 1949 முதல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறதே, நடனப் பள்ளிகளும் இருக்கின்றனவே." இருக்கின்றன, அவை நம் பெருமை. ஆனால் கச்சேரிப் பயிற்சி அமர்ந்து பாடுவதற்கான பயிற்சி. நடனப் பயிற்சியில் ஆடுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். பாடிக்கொண்டே ஓடிவந்து, அழுது, விழுந்து, எழுந்து, சுருதி பிசகாமல் வசனத்தில் இறங்குவது மூன்றாவது கலை. நீச்சல் தெரிந்தவனிடம் படகு செலுத்தச் சொல்லலாமா? இரண்டுக்கும் தண்ணீர் பொது, கல்வி வேறு.

இரண்டாம் தடை: "திரைப்படம் இசைநாடகத்தைக் கொன்றுவிட்டது." திரைப்படம் முதலில் இசைநாடகத்தை உண்டு வளர்ந்தது என்பதே வரலாறு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில் நடித்த டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர். தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, சுந்தராம்பாள் ஆகியோரும் மேடை தந்த குரல்கள். பின்னணிப் பாடல் முறை வந்து, பாடுபவரையும் நடிப்பவரையும் இரண்டாகப் பிரித்தது. அப்பிரிவினை திரைக்கு வசதி. மேடை ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்? திரைக்கு இயலாத ஒன்றை, உயிருள்ள குரல் நம் கண்முன்னே நடுங்குவதை, மேடைதானே தர முடியும்?

மூன்றாம் தடை: "நாம் சிறுபான்மையினர், நமக்கு இது கட்டுப்படியாகாது." இவ்வாறு சொல்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். அச்சிறு குடாநாட்டில் காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகப் பாடியதைக் கேட்க விடிய விடிய மக்கள் அமர்ந்திருந்தனர். 1989இல் அவர் மறைந்தார். போர் ஊரையே சிதைத்தது. இருந்தும் அங்கு இசைநாடகம் முற்றாக அறுந்துபோகவில்லை. தொலைவில் போக மனமில்லையென்றால், நான் வாழும் ஈசூனுக்கு வரட்டும். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூன் என்னும் தியோசூ வணிகரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஏழாம் மாதத்தில் இத்தகைய பேட்டைகளின் திடல்களில் மேடை எழும்புகிறது. எதிரே போட்ட நாற்காலிகளில் சில முதியவர்களே இருந்தாலும் சீன இசைநாடகக் கலைஞர்கள் முழு ஒப்பனையோடு பாடுகிறார்கள். கூட்டம் குறைகிறதே என்று கவலைப்பட்டவர்கள் கைகட்டி இருக்கவில்லை. 1995இல் அக்கலைக்கெனத் தனி நிறுவனமே கண்டார்கள். குவோ பாவ் குன்னும் சசிதரனும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நடிப்புப் பள்ளியில் சீனத்தின் பெய்ஜிங் ஒப்பெராவும், ஜப்பானின் நோவும், ஜாவாவின் வாயாங் வோங்கும், கேரளத்தின் கூடியாட்டமும் பாடமாயின. கூடியாட்டத்தைச் சிங்கப்பூரில் கற்பிக்க முடியுமென்றால் தமிழ் இசைநாடகத்தைக் கற்பிக்க முடியாதா? இதே ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடிகள் அணிவகுக்கின்றன. முருகன் குடிகொண்ட ஊரில் வள்ளி திருமணத்தைப் பாடி நடிக்கும் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு இல்லையே என்ற வெட்கம் நமக்கு வேண்டாமா?

இது கலை ஆர்வலரின் ஏக்கம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாத காரணம் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் அவர்கள் 3.3 விழுக்காட்டினர். வகுப்பறையில் தமிழ் கண்ணுக்கும் கைக்கும் உரிய மொழியாகச் சுருங்கி வருகிறது. அதை நாவுக்கு மீட்க இசைநாடகத்தைவிடச் சிறந்த கருவி எது? ழகரத்தை விழுங்கினால் தாளம் இடறும். வல்லின றகரத்தைத் தேய்த்தால் கடைசி வரிசை சிரிக்கும். திருத்தமாக ஒலிக்காமல் அங்கே ஒரு வரிகூடக் கடக்க முடியாது. தேர்வுக்காக மனனம் செய்த கட்டுரையை மறக்கும் பிள்ளை, மேடையில் பாடிய தர்க்கப் பாட்டை அறுபது வயதிலும் மறக்காது.

ஆகவே என் வேண்டுகோள் பெரியதன்று. ஏதேனும் ஒரு சமூக மன்றத்தின் நற்பணிச் செயற்குழு ஓர் அறையைத் திறந்துவிடட்டும். பத்துப் பிள்ளைகள், ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம் போதும். மதுரையிலோ புதுக்கோட்டையிலோ இன்றும் மேடையேறும் நாடகக் கலைஞர் ஒருவரை ஒரே இரவுக்கு அழைக்காமல் ஆறு மாதத்துக்கு அழைப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி நடத்தும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் துணையை நாடுவோம். வெளிநாட்டுக் கலைஞரை வரவழைக்கும் அமைப்பாளர்கள், விருந்தினர் ஒரு நாளேனும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து பயிற்சி தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். நம் நாடகப் போட்டிகளில் பதிவுசெய்த குரலுக்கு வாயசைத்தால் பரிசில்லை என்று விதி செய்வோம். மூன்று ஆண்டுகள் பொறுத்திருப்போம். குரல் ஓரிரவில் பழுப்பதில்லை.

நாமும் எழுத்தாளர்கள் என்ற முறையில் நம் பங்கை மறைக்கலாகாது. சிறுகதை எழுதுகிறோம், புதுக்கவிதை எழுதுகிறோம், நாடகம் எழுதினாலும் பேச்சு நாடகமே எழுதுகிறோம். பாடுவதற்கென்று ஒரு காட்சி எழுதியவர் நம்முள் எத்தனை பேர்? துறைமுகத் தொழிலாளியின் வேலைநிறுத்தமும், செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலை தேடி வந்தவனின் தனிமையும், அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளையோடு பேச மொழியின்றித் தவிக்கும் பாட்டியின் மௌனமும் பாட்டாக மாட்டாவா? வள்ளியும் பவளக்கொடியும் பாடத்துக்கு அடிப்படையாகட்டும்; அவற்றின்மேல் இம்மண்ணின் கதைகள் எழும்பட்டும். பள்ளி திறந்தபின் எழுதலாம் என்று காத்திருக்க வேண்டா. பாடத்தக்க நாடகம் ஒன்று கையிலிருந்தால் பாடகரைத் தேடும் கட்டாயம் தானே பிறக்கும். ஆளுக்கொரு காட்சி எழுதுவோம். அடுத்த கழகக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவோம்.