பள்ளித் தேர்தலும் பிறப்பால் வரும் பெரும்பான்மையும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மன்றங்களுக்குக் குறைவில்லை. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம், 2022 முதல் வானவில் மன்றம் என்று பட்டியல் நீளுகிறது. 2024 நவம்பரில் இவற்றோடு ‘மகிழ் முற்றம்’ சேர்ந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்து குழுக்களாக மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் திட்டம் அது. இத்தனை இருந்தும், மாணவர்கள் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பேரவை, தலைமையாசிரியரிடம் கேள்வி கேட்கும் உரிமையோடு கூடுவதைப் பெரும்பாலான பள்ளிகளில் காண இயலாது. செயல்பாடுகளுக்கு மன்றங்கள் உண்டு. அதிகாரத்தைப் பகிர்வதற்கு ஒன்றுமில்லை.

அதிகாரம் என்ற சொல் பள்ளிக்கூடத்திற்குப் பெரிதாகத் தோன்றலாம். வகுப்புத் தலைவரை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆசிரியர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவரே தலைவர். பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவர் அவர். வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்கு எடுத்துச் செல்பவர் அவர். யார் வகுப்பைப் பெருக்குவது, யார் தண்ணீர் பிடித்து வைப்பது என்று சொல்பவரும் பல நேரங்களில் அவரே. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் தலித் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு வெளியே தெரிந்தது. துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்பதை நாள்தோறும் முடிவு செய்யும் சிறு ஏற்பாடுகள் எந்த வழக்கிலும் வருவதில்லை.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்கள் இருந்தனர். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல், வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வெளிப்படையாக அறிவிக்காமை ஆகிய பரிந்துரைகள் வகுப்பறையை அறிந்தவர் எழுதியவை. கூடவே ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்றையும் அவ்வறிக்கை முன்மொழிந்தது. நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை, வடிவத்தில் உண்டு. படை என்பது ஒழுங்கைக் காக்கும் அமைப்பு. அநீதி இழைக்கப்பட்ட மாணவருக்குத் தேவை, தன் புகாரைப் பதிவு செய்யவும் அதற்குப் பதில் கேட்கவும் ஓர் இடம். இவ்விரண்டும் ஒன்றாகா.

அப்படியானால் தேர்தல் நடத்திவிடலாமே என்று முற்போக்கு நண்பர்கள் சொல்வார்கள். கேரளத்தில் பள்ளிப் பாராளுமன்றத் தேர்தல் ஆண்டுதோறும் நடக்கிறது என்று சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதி அறியும் ஒரு பள்ளியில், ஒரு சாதி எண்ணிக்கையில் ஓங்கியிருக்கும் ஊரில், வேறு எந்த ஏற்பாடும் இன்றி வாக்குப்பெட்டியை மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் அம்பேத்கர் ஒரு வேறுபாட்டை வரையறுத்தார். அரசியல் பெரும்பான்மை கருத்தால் உருவாவது, மாறக்கூடியது. வகுப்புவாதப் பெரும்பான்மை பிறப்பால் வருவது, மாறாதது. பள்ளித் தேர்தலில் வெல்லப்போவது இரண்டாவது வகைதான். ஆசிரியர் கைகாட்டியபோது குறைந்தது அது அவருடைய சார்பு என்று சொல்ல முடிந்தது. தேர்தலுக்குப் பின் அதே ஆதிக்கத்திற்கு ஜனநாயகம் என்ற பெயரும் கிடைத்துவிடும்.

இடஒதுக்கீடு வைத்தால் தீராதா? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் மறந்துவிட வேண்டாம். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதாலேயே 1996 முதல் 2006 வரை அங்கு முறையான தேர்தலை நடத்த இயலவில்லை. மேலவளவில் வென்ற முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். தேர்தல் நடந்தாலும் கூட்டு வாக்காளர் தொகுதியில் பெரும்பான்மைக்கு இணக்கமான வேட்பாளரே வெல்வார் என்பது 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து நாம் கண்டு வருவது. பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உதவித்தொகைப் பட்டியலைக்கூட உரக்கப் படிக்காதே என்று சொல்லும் நாம், பன்னிரண்டு வயதுக் குழந்தையின் மீது ‘ஒதுக்கீட்டுத் தலைவர்’ என்ற சீட்டை ஒட்டலாமா? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சாதிதானே என்பது பதிலாகாது. தெரிந்திருப்பது வேறு, பள்ளியே அதை அறிவிப்பது வேறு.

என் முன்மொழிவு குலுக்கல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பருவத்திற்கு இருவர், ஆண் ஒருவர் பெண் ஒருவர் என, குலுக்கலில் பேரவைக்கு வரட்டும். ஒருமுறை வந்தவர் எல்லோருக்கும் முறை வரும்வரை மீண்டும் வர இயலாது. பேரவைத் தலைமையும் அவ்வாறே சுழலட்டும். யாருக்கும் எந்தச் சீட்டும் ஒட்டாமலே தலித் மாணவர்கள் தங்கள் எண்ணிக்கைக்கேற்ப அமர்வார்கள். ஊர்ப் பெரும்பான்மையின் வாக்கு அதைத் தடுக்க இயலாது. இதைச் சொன்னதும் உத்திரமேரூர்க் குடவோலையை யாராவது நினைவூட்டுவார்கள். பாடநூல்கள் பெருமையோடு சொல்லும் அந்த முறை ஒரு பிரமதேயச் சபைக்கு உரியது. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் கொண்டவர் பெயர் மட்டுமே ஓலையில் ஏறியது. யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே முடியாது என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்லித் தருவதில்லை. இங்கே எல்லாப் பெயர்களும் போகட்டும்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினர் 18 வயதை நெருங்கும் நாளைய வாக்காளர்கள். அவர்களுக்கு இரகசிய வாக்கெடுப்பும் சுழற்சி இடஒதுக்கீடும் இருக்கலாம். வேட்புமனு தாக்கல் செய்யாதபடி பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மிரட்டுவது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவின் கீழ்க் குற்றம். பள்ளித் தேர்தலுக்கு அது பொருந்துமா என்பது வாதத்திற்குரியது. ஆயினும் அந்தப் பிரிவின் வாசகத்தைப் பள்ளித் தேர்தல் விதியாக எழுதிவைப்பதை எதுவும் தடுக்கவில்லை.

எந்த முறையில் அமைந்தாலும், கையில் எதுவும் இல்லாத பேரவை ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்லத்தான் பயன்படும். மதிய உணவுப் பந்தி, குடிநீர், கழிப்பறை, விளையாட்டுப் பொருட்கள், துப்புரவுப் பணிப் பங்கீடு ஆகியவற்றை மாதம் ஒருமுறை ஆராய்ந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கும் உரிமை அதற்கு வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆவது பிரிவின்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடமும் உண்டு. தலித் மாணவரின் புகார், தலித் பெற்றோர் அமர்ந்திருக்கும் மேசைக்கு எழுத்தில் வந்து சேரும் ஒரே வழி இதுவாக இருக்கலாம். தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா 1992இலேயே அதை ஏற்றுக்கொண்டது. புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும்.

அதுவரை கல்லூரி மாணவர்கள் தாம் படித்த பள்ளியிலிருந்தே தொடங்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் வகுப்புத் தலைவர்களும் மன்றப் பொறுப்பாளர்களும் எந்த முறையில் தெரிவு செய்யப்பட்டனர், அதற்கான பதிவேடு உண்டா, துப்புரவுப் பணிகள் எந்த உத்தரவின்படி யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். மாணவர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள். நடைமுறையை மட்டும் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘அவ்வாறான பதிவேடு ஏதும் இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் அளிக்கும் மனுவுக்கு அதுவே முதல் இணைப்பு.