எத்தனை பேரிங் என்று கேட்காதீர்கள்

கரையில் நின்று தூண்டில் வீச ரீல் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரிங் இருக்கு?" என்பதுதான். கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் திருப்பி, கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார். பத்து கூட்டல் ஒன்று, பன்னிரண்டு கூட்டல் ஒன்று என்று இருக்கும். நகைக்கடையில் கல் எண்ணி விலை பேசுகிற மாதிரி. பரங்கிப்பேட்டைக் கரையில் அந்த எண்ணிக்கைக்குக் காலணா மதிப்பில்லை என்பது என் கட்சி. இங்கே உப்புக் காற்றில் ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்கக் காத்திருக்கும் ஓர் இடம். நல்லதாக நான்கு போதும்.

நான் மீனவன் அல்ல. ஓய்வு பெற்ற குமாஸ்தா. சர்வீஸில் பாதியைக் கொள்முதல் பிரிவில் கழித்தவன். நாற்காலி முதல் நகல் எடுக்கும் இயந்திரம் வரை கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டு, கோப்பில் குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்தப் பொருளானாலும் முதலில் அது எங்கே, யார் கையில், என்ன வேலை செய்யப் போகிறது என்பதை எழுதிவிட்டுத்தான் விலைப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பிரெஞ்சில் இதற்கு 'கயே தே ஷார்ழ்' என்று ஒரு நல்ல சொல் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்ததில் எனக்கு மிஞ்சியவற்றில் அந்தச் சொல்லும் ஒன்று. ரீலுக்கும் அப்படி ஒரு காகிதம் எழுதிப் பார்க்கலாமே.

பிரெஞ்சுக்காரர்கள் ரீலை 'முலினே' என்பார்கள். சின்ன ஆலை என்று பொருள். கைப்பிடியைச் சுற்றுகிறோம், உள்ளே பல்சக்கரம் ஓடுகிறது, ஆலை என்பது பொருத்தம்தான். ஆனால் ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாது. வீசும்போது நூல் அதன் விளிம்பின் மேலாக வழுக்கிக்கொண்டு போகிறது. நூற்பாலையில் கண்டிலிருந்து நூல் உருவி வருவது போல. இதற்கு 1905-இல் காப்புரிமை வாங்கிய இங்கிலாந்துக்காரர் ஆல்ஃபிரெட் இல்லிங்வர்த், ஜவுளி ஆலைத் தொழிலில் இருந்தவர். திரும்பச் சுருட்டும்போது வளைந்த பெயில் கம்பி சுற்றி வந்து நூலை ஸ்பூலில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது நூல் தொண்ணூறு டிகிரி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். லைன் ரோலர் என்பார்கள். மிளகு அளவுக்குக் கொஞ்சம் பெரியது.

கரைத் தூண்டிலில் ரீல் சாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கடலில் கிடந்த நூல் உப்புத் தண்ணீரையும் பொடி மணலையும் சுமந்துகொண்டு நேராக அதன் மேல் ஏறுகிறது. ஒரு காலையில் நாற்பது வீச்சு என்று வைத்துக்கொண்டாலும், கிலோமீட்டர் கணக்கில் ஈர நூல் அதன் மேல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் பேரிங் இறுகிவிட்டால் உருளை சுழலாது. நூல் அதன் மேல் தேயும், முறுக்கிக்கொள்ளும், ஒரு நாள் நல்ல மீன் இழுக்கும்போது அறுந்துபோகும். அறுந்தது நூலின் குற்றம் என்று நினைத்து நாம் புது நூல் வாங்கி ஏற்றுவோம்.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதை. நூலை விரலில் பிடித்து இறுக்கி இழுத்தபடி, மெதுவாகக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லுங்கள். உருளை நூலோடு சேர்ந்து சுழல்கிறதா? அதைக் கழற்ற ஒரு சாதாரணத் திருகு இருக்கிறதா, அல்லது அடித்து இறுக்கி மூடியிருக்கிறார்களா? கழற்ற முடியாத லைன் ரோலர் உள்ள ரீலை நான் கையில் வைத்துப் பார்ப்பதோடு சரி.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் விட்டிருப்பதைப் பார்க்காதவர் கடலோரத்தில் இருக்க முடியாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றின் ஈரப்பதம் முப்பத்துமூன்று சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். எங்கள் ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது கடலில் நனைந்த ரீல் துடைத்து வைத்தாலும் காய்வதில்லை. பரணில் ராத்திரியெல்லாம் கடல் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருப்பதால் துரு வராது என்று நம்ப வேண்டாம். பேரிங்குக்கு வேண்டிய கெட்டியான எஃகு உப்பில் துருப்பிடிக்கத்தான் செய்யும். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் திருகு இறங்கியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடியாக வருவது அதுதான். ஆறு மாதத்தில் திருகு வராது. புது ரீலை வாங்கி வந்த அன்றே திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

(இரும்புக்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து இங்கே இரும்பு உருக்கினார். அவர் ஆலை போய்விட்டது. உப்புக் காற்று இருக்கிறது.)

இப்போது சர்ச்சைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையம் போட்டு மூடிய ரீல்கள் வந்துவிட்டன. சீல் ரீல் என்கிறார்கள். பென் கம்பெனியின் ஸ்பின்ஃபிஷர், ஸ்லாமர் வரிசைகளில் ஐ.பி.எக்ஸ்.5, ஐ.பி.எக்ஸ்.6 என்று தரக் குறியீடே போடுகிறார்கள். வான் ஸ்டால் என்று ஒன்று உண்டு, அதன் விலையைக் கேட்டால் என் பென்ஷன் தலை சுற்றி விழும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ராத்திரி நேரத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, பாறை மேல் ஏறி நின்று, அலை தலைக்கு மேல் உடைய மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவை. அவர்கள் புகழ்வதும் நியாயம்தான். நம் ஆட்கள் அந்தப் புகழ்ச்சியை அப்படியே எடுத்துக்கொண்டு சாமியார்பேட்டை மணலில் நின்று பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை.

குறியீட்டைக் கவனமாகப் படியுங்கள். அந்த இரண்டு இலக்க இடத்தில் முதல் இடம் தூசு, மணல் போன்ற திடப்பொருள்களுக்கானது. இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இடத்தில் எக்ஸ் என்று போட்டிருந்தால், அந்த விஷயத்தில் தரம் எதுவும் சொல்லப்படவில்லை என்று பொருள். ஐந்து என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் சோதனை. தண்ணீரில் முக்கி வைக்கும் சோதனை அல்ல, அதற்கு ஏழும் எட்டும் இருக்கின்றன. அதுவும் புது ரீலுக்கு நடந்தது. இரண்டு வருஷம் சித்திரை வெயிலில் கிடந்த ரப்பர் வளையத்துக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. கோப்பில் ஒரு சான்றிதழ் இருந்தால் அது எதைச் சான்றளிக்கிறது என்று பார்ப்பது என் பழைய வியாதி.

சீல் தளர்ந்த பிறகு இன்னொன்று நடக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. திறந்த ரீலில் ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் வடியும், காற்றாடும், நாமே திறந்து துடைக்கலாம். மூடிய ரீலில் எந்த வளையம் எந்தப் பள்ளத்தில் எந்தப் பக்கமாக உட்கார வேண்டும் என்று தெரிந்தவர்தான் கை வைக்க முடியும். அப்படிப்பட்டவர் பரங்கிப்பேட்டையில் இல்லை. சிதம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. சென்னைக்குப் பார்சல் கட்ட வேண்டும்.

இதை நான் வெள்ளாற்று முகத்தில் தூண்டில் போடும் ஒரு பையனிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. விசைப்படகில் வேலைக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் அறுபத்தொரு நாளும் படகு கரையில். நிவாரணத் தொகை ஒரு பக்கம் வந்தாலும், அந்த இரண்டு மாதம் வீட்டு அடுப்பில் பாதி அவன் தூண்டிலில்தான் எரிகிறது. ஒரு நல்ல கொடுவா கிடைத்தால் வாரச் செலவு நகரும். எனக்கோ கிழங்கான் நாலு கிடைத்தால் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. கிடைக்காவிட்டால் காற்று வாங்கியது லாபம். எங்கள் இருவரின் ரீலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது உண்மை.

"அய்யா, நீங்க காஞ்ச மணல்ல நின்னு போடுறீங்க. நான் இடுப்பளவு தண்ணியில நிக்கிறேன். அலை வந்தா ரீல் முங்குது. சீல் இல்லாம எனக்கு ஆவாது."

"சரி தம்பி. மே மாசம் பத்தாந்தேதி அது மக்கர் பண்ணுதுன்னு வெச்சுக்க. அப்ப என்ன பண்ணுவ?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. சீல் இல்லாத நடுத்தர ரீல், ஒரே மாடலில் இரண்டு வாங்கு என்றேன். நல்ல சீல் ரீல் ஒன்றின் விலைக்குள் அடங்கும். ஒன்று கெட்டால் மற்றது கையில். இரண்டும் பழசானால் இரண்டிலிருந்தும் நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாக்கலாம். பெயில் ஸ்பிரிங், லைன் ரோலர், கைப்பிடி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஒன்று ரிப்பேருக்குத் திறந்து கிடக்கும்போது எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு மற்றதே படம். படகு என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. தினமும் தண்ணீரில் முக்குகிறவன் வாரம் ஒரு முறை திறந்து துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும், அதையும் சொன்னேன். "யோசிக்கிறேன் அய்யா" என்றான். யோசிக்கட்டும், பணம் அவனுடையது. என் கருத்து மாறவில்லை.

திறக்க முடிவது, பாகம் கிடைப்பது, இந்த இரண்டையும் நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவதற்கு ஒரு காரணம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். வரும்போது கொண்டுவந்த மிச்சல் 300 ரீல் ஒன்று அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. பிரான்ஸின் ஓத் சவுவா மாவட்டத்தில் க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. கடிகாரத் தொழிலுக்குப் பேர் போன ஊர் அது; அங்கே கடிகாரச் சக்கரம் செய்துகொண்டிருந்த கார்பானோ எ போன்ஸ் கம்பெனிதான் இந்த ரீலையும் செய்தது. பக்கத் தகட்டைத் திருகு கழற்றித் திறந்தால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இன்றைய ரீல் போல வழுவழுப்பு இல்லை, கைப்பிடியைத் திருப்பினால் காலி ஆட்டம் கொஞ்சம் இருக்கும், பேரிங் எண்ணிக்கையில் இன்றைய பெட்டியோடு போட்டியிட முடியாது. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற மாடல் என்பதால் அதன் பாகங்கள் இன்றும் பிரான்ஸில் பழைய சாமான் சந்தைகளில் அகப்படுகின்றன. அங்கே இருக்கும் சித்தப்பா பேரன் வரும்போதெல்லாம் சட்டைப் பையில் ஏதாவது ஒரு ஸ்பிரிங் இருக்கும். "முசே, இந்தாங்க உங்க முலினேக்கு" என்று கிண்டலாகத்தான் கொடுப்பான்.

ஆகவே என் காகிதத்தில் அடுத்த வரி: நிறைய விற்கிற, பல வருஷமாக மாற்றாமல் விற்கிற மாடலாக இருக்கட்டும். இந்த வருஷம் புதிதாக வந்தது என்று கடைக்காரர் சொன்னால், மூன்று வருஷம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. முக்கியப் பல்சக்கரம் பித்தளையோ கெட்டி அலுமினியமோ ஆக இருந்தால் நல்லது. துத்தநாக வார்ப்பு மலிவு ரீலில் வரும். ஈயக்குண்டு கட்டி வீசி இழுக்கும் வேலையில் பல் சீக்கிரம் தேயும். கைப்பிடி நேராக உள்ளே திருகி இறங்குவதாக இருக்கட்டும், மடக்கும் கைப்பிடி ஆடும். கியர் விகிதம் ஐந்துக்கு ஒன்று வாக்கில் போதும். வேகமாகச் சுருட்டும் ரீல் கனத்தை இழுக்கும்போது கையைக் கொல்லும். டிராக் வட்டுகள் கார்பன் இழையில் இருந்தால் ஃபெல்ட்டைவிட நீடிக்கும். 5000, 6000 என்ற எண்களை நம்பி வாங்க வேண்டாம், ஒரு கம்பெனியின் 6000 இன்னொரு கம்பெனியின் 6000-த்தோடு சேராது. ஸ்பூலில் எத்தனை மீட்டர் நூல் பிடிக்கும் என்பதைப் பாருங்கள். நீங்கள் போடும் கனத்தில் இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர் பிடித்தால் எங்கள் கரைக்கு ஏராளம்.

பெயரைக் கேட்கிறவர்களுக்கு: டைவா, ஷிமானோ, பென், மூன்றிலும் நடுத்தர விலையில் இந்தக் காகிதத்துக்குப் பொருந்துவன இருக்கின்றன. ஷிமானோ 1921-இல் ஜப்பானில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்து தொடங்கிய கம்பெனி. ரீல் பின்பக்கமாகச் சுழலாமல் பிடிக்கும் ஏற்பாடும் ஃப்ரீவீலும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்தான், அதனால் அவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஐந்து நிமிஷ வேலை. கரையில் ரீலை மணலில் படுக்க வைக்காதீர்கள், கம்பு நிறுத்த ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். வீட்டுக்கு வந்ததும் டிராக் குமிழை இறுக்கிவிட்டு, சொம்பில் நல்ல தண்ணீர் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பம்ப் குழாயைப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். உதறி, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காய விடுங்கள். தளர்த்தாமல் வைத்தால் வட்டுகள் அமுங்கி அடுத்த தடவை திக்கித் திக்கி விடும். பிறகு லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய்.

அந்தச் சொட்டு தேங்காய் எண்ணெயாக இருக்க வேண்டாம். கைக்கு எட்டிய இடத்தில் அதுதான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் குளியலறைக் குப்பியில் உறைகிற மாதிரி ரீலுக்குள்ளும் உறையும், நாளாவட்டத்தில் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் சின்னக் குப்பியில் கடைத்தெருவில் கிடைக்கிறது. ஒரு குப்பி எனக்கு ஒரு வருஷம் வருகிறது.