பட்டியல் இல்லாத கோயில் பூட்டு இல்லாத கோயில்

ஜொகூர் வாழ் தமிழ் மக்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும்:

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் காலியாகிவிட்ட ஒரு தோட்டக் கோயிலில் அண்மையில் நடந்த திருட்டை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உற்சவ முருகன், வள்ளி, தெய்வானை, இரண்டு குத்துவிளக்குகள், பழைய வேல் எல்லாம் ஒரே இரவில் போயின. பிறகு ஒரு பழைய இரும்புக் கடையில் சாக்குக்குள் அகப்பட்டுக் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. சாமி கிடைத்துவிட்டார் என்று நம்மவர்கள் தேங்காய் உடைத்தார்கள். இன்றுவரை சாமி கோயிலுக்குத் திரும்பவில்லை.

கடைக்காரர் கையால் எழுதிய ரசீது ஒன்றை நீட்டுகிறார். வேறோர் ஊரில் வீடு காலி செய்தவரிடம் வாங்கினேன் என்கிறார். நம் தரப்பிடம் அதிகாரி கேட்டவை எளிய கேள்விகள். சிலையின் உயரம் என்ன? எடை என்ன? யார் வார்த்தது, எந்த ஆண்டு வந்தது? அடையாளம் ஏதும் உண்டா? படம் இருக்கிறதா? தாத்தா காலத்திலிருந்து கும்பிடுகிறோம் என்பதைத் தவிர நம்மிடம் வேறு பதில் இல்லை. கேட்டவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. பதில் வைத்திருக்காத நம் மீதுதான் கோபம்.

படம் இல்லையா என்றால், நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டுத் திருவிழாவிலும் ஆளுக்கொரு கைப்பேசியில் எடுத்தவைதாம். அத்தனையிலும் சாமி மாலைக்குள் இருக்கிறார். பட்டு, சந்தனக் காப்பு, எலுமிச்சை மாலை, வெள்ளிக் கவசம். கண்ணும் மூக்கும் தெரிகின்றன. பீடம் தெரியவில்லை, கை தெரியவில்லை, முதுகு தெரியவே இல்லை. தெய்வானையின் இடது கை விரலில் சிறு முறிவு உண்டு என்று பூசாரி ஐயா சொல்கிறார். ஆண்டாண்டு காலம் அபிஷேகம் செய்த கை அறிந்த அடையாளம் அது. முன்பே எழுதி வைத்திருந்தால் அசைக்க முடியாத சாட்சி. பொருள் கைப்பற்றப்பட்ட பிறகு சொன்னால், சிலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடுமே!

இது ஒரு கோயிலின் கதை என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். சான்று இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் எவ்வளவு காலம் அலைய வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க வழக்குகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில், பூசை நின்று பூட்டிக் கிடந்த சிற்றூர்க் கோயில். நம் தோட்டக் கோயில்களைப் போலத்தான். அங்கிருந்து 2006-இல் களவு போன நடராசரை, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை 1970-களிலேயே இந்தியாவை விட்டு வந்துவிட்டது என்று போலிப் பத்திரம் இருந்தது. அதைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-இல் அந்தக் கோயிலுக்குள்ளேயே எடுத்து வைத்திருந்த படம். 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கபூருக்கு 2022-இல் சிலைத் திருட்டு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதே ஸ்ரீபுரந்தான் கோயிலின் உமா பரமேஸ்வரி எங்கே இருந்தாள் தெரியுமா? ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில். 2007-இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு அதே கபூரின் கடையில் வாங்கப்பட்டவள். 2015-இல்தான் திருப்பித் தர முடிவாயிற்று. தைப்பூசத்துக்கும் தீபாவளிச் சந்தைக்கும் நாம் அந்தப் பாலத்தைக் கடந்து போய் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவள் அங்கே காட்சிப் பொருளாக இருந்தாள்.

படமே இல்லாத வழக்கும் உண்டு. தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா நிறுவனம் ஒன்று 1982-இல் 2,50,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடம், உலோகக் கலவை என்று ஒவ்வொன்றாக நிபுணர்களைக் கொண்டு நிறுவி, 1988-இல் தீர்ப்பும் 1991-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் பெற்றுத்தான் மீட்க முடிந்தது. ஓர் அரசாங்கமே பின்னால் நின்றும் 9 ஆண்டு. உண்டியல் காசில் கரண்டுக் கட்டணம் கட்டும் நம் கோயில்கள் எந்த நிபுணரை அழைக்கும்?

பட்டியல் எழுதுவது நமக்குப் புதிதல்ல. 1,000 ஆண்டுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செப்புத் திருமேனிகள் கொடுத்தபோது, எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, என்ன நகை, நகையின் எடை என்ன என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் பாட்டன்மார் கூடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த விளக்கின் அடியில் பெயர், தோட்டம், ஆண்டு என்று உபயம் பொறித்தார்கள். நாம் என்ன செய்தோம்? பளபளப்பு வேண்டும் என்று பாலிஷ் போடக் கொடுத்து அந்த எழுத்தையே தேய்த்தோம். கும்பாபிஷேகத்துக்குப் புதுச் சிலை வந்ததும் பழையதைச் சாமான் அறையில் போட்டோம். நிர்வாகம் மாறும்போது வங்கிக் கணக்குக்கும் சாவிக்கும் சண்டை போட்டோம். சாமான் பட்டியலைக் கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே ஒவ்வோர் ஆலய நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம். வரும் ஆடி மாதம் முடிவதற்குள் இவற்றைச் செய்து முடியுங்கள்.

அபிஷேகம் முடிந்து அலங்காரம் தொடங்குமுன், பூசாரியின் அனுமதியோடு உற்சவரை முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று அளவுகோல் அருகில் வைத்துப் படம் எடுங்கள். மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்பது உங்கள் மரபானால் அதை மதிக்கிறோம். உற்சவருக்கும் விளக்குக்கும் அந்தத் தடை இல்லையே. உயரம், எடை, உலோகம், கீறல், முறிவு, ஒட்டுப்போட்ட இடம், உபய எழுத்து, வந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். அனைத்துலக அரும்பொருளகங்களும் இன்டர்போலும் கேட்பவை ஏறக்குறைய இவைதாம். பட்டியலை நிர்வாகக் கூட்டக் குறிப்பில் சேர்த்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியே வையுங்கள். புலனக் குழுவில் மட்டும் போடாதீர்கள். அது திருடனுக்குக் கொடுக்கும் விலைப்பட்டியல். பழைய கும்பாபிஷேக மலர், சிலை வாங்கிய ரசீது, 1950-களின் கறுப்பு வெள்ளைப் படம் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் கோயிலுக்கு ஒரு நகல் கொடுங்கள்.

பழம்பொருள் வாங்கி அடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 411-ஆவது பிரிவின்படி குற்றம். மலிவாகக் கிடைத்ததே என்று நீங்கள் வரவேற்பறையில் வைக்கும் பித்தளை விளக்கில் தோட்டத்தின் பெயர் இருந்தால், அது யார் வீட்டுச் சொத்து என்று உங்களுக்கே தெரியும். அதைக் கோயிலிடம் ஒப்படையுங்கள்.

இனி எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறோம். திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் உபயம் கேட்டு வரும் எந்த நிர்வாகத்திடமும் முதலில் சாமான் பட்டியலைக் கேட்போம். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போம். பட்டியல் இல்லை என்றால் எங்கள் பணமும் இல்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள். களவு போன பிறகு வாசலில் நின்று அழ வருகிற நாம், களவு போகும் முன் ஒரு நாள் உட்கார்ந்து எழுத வராவிட்டால், திருடனைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

இப்படிக்கு,
ஜொகூர் தோட்டக் கோயில்களில் வழிபட்டு வளர்ந்த நாங்கள்