பசியாறலுக்குத் தௌஹு ரொட்டி

நாடு தழுவிய தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் காட்டிய கணக்கின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியரை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். அன்றுமுதல் எத்தனையோ விளக்கக் கூட்டங்கள், சுவரொட்டிகள். ஆனால் ‘சோற்றைக் குறை, ரொட்டி சானாயை விடு’ என்று சொல்கிறவர்கள், அந்த இடத்தில் நாக்குக்குப் பிடித்த எதை வைப்பது என்று சொல்வதில்லை. மொறுமொறுவென்று வறுத்த தௌஹுவை வைத்து வீட்டிலேயே செய்யும் சாண்ட்விச் அதற்கு ஒரு நேர்மையான விடை என்பது என் கருத்து.

பேராக் தமிழர்களின் காலை உணவு தோட்டத்தில் உருவானது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரக் காட்டில் மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்தவர்களின் உடம்பு சோறும் சர்க்கரை போட்ட தேநீரும் தந்த சக்தி முழுவதையும் உழைப்பில் கரைத்துவிட்டது. சுங்கை சிப்புட்டிலும் சிம்மோரிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஈப்போவில் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். உழைப்பு மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. மாவு நிறைந்த பசியாறலில் புரதம் ஓரமாகவே கிடக்கிறது.

இரண்டு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 5 கிராம் புரதம்தான். நூறு கிராம் கெட்டித் தௌஹுவை இடையில் வைத்தால் இன்னும் 10 கிராமுக்குக் குறையாமல் சேரும். பசி மதியம்வரை தாங்கும். பிள்ளைகள் தௌஹுவை ஒதுக்குவது பெரும்பாலும் அதன் கொழகொழப்பால்தான், அதற்குக் காரணம் உள்ளிருக்கும் தண்ணீர். பாசாரில் தௌக்குவா என்று கேட்டால் கிடைக்கும் கெட்டி வகையை விரல் பருமனுக்கு வெட்டி, துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவியையோ கனமான சட்டியையோ கால் மணி நேரம் வைத்தால் துணி நனைந்துவிடும். பிறகு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, சோளமாவில் புரட்டி, கரைத்த கடலைமாவில் தோய்த்து, முந்தைய நாள் ரொட்டியை உதிர்த்த தூளில் அழுத்த வேண்டும். தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் பொன்னிறமாகும்வரை விட்டால், கடிக்கும்போது மேல் ஓடு நொறுங்கும், உள்ளே மென்மை இருக்கும். வெள்ளரியும் கொஞ்சம் சம்பலும் சேர்ந்தால் வேறெதுவும் தேவையில்லை.

‘பொரித்ததுதானே’ என்பார்கள். எண்ணெயில் முழுகவிடாமல் கல்லில் வாட்டுவதற்கும் ஆழப் பொரிப்பதற்கும் வேறுபாடு உண்டு; முழுக்கோதுமை ரொட்டியைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. ‘சோயா ஆண்களுக்கு ஆகாது’ என்ற அச்சம் பரவலானது. 41 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த மதிப்பாய்வு, சோயாவால் ஆண்களின் ஹார்மோன் அளவுகள் மாறுவதில்லை என்றே கண்டது. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு இடைவெளி விடுவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். ‘இது சீனர் சாப்பாடு’ என்பதும் நிற்காது. மீ கோரேங்கிலும் ரோஜாக்கிலும் தௌஹு இல்லாமல் நாம் சாப்பிடுகிறோமா? வெளியில் விரும்பி உண்பது வீட்டு அடுப்புக்கு மட்டும் எப்படி அந்நியமாகும்?

காலை அவசரத்தில் முடியாது என்பதே நியாயமான மறுப்பு. முந்தின இரவே தௌஹுவை அழுத்தி, மசாலா தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் பத்து நிமிட வேலை. இந்த ஒரு சாண்ட்விச் இனிப்பு நீரைத் தீர்த்துவிடாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஒரு தட்டு மாறினாலும், அந்த மாற்றம் அறிவுரையால் வராமல் சுவையால் வந்ததாக இருக்கும். அப்படி வந்தது வீட்டில் தங்கும்.