‘ஒண்ணுமில்ல, உனக்குத்தான் அப்படித் தோணுது’: தி சிக்ஸ் ஆல்பமும் உடைஞ்ச மனசும்

1/
கல்யாணம் முறிஞ்சுபோன ஒரு பெண், அதைப் பத்தித் தன் தோழிகளோட சேர்ந்து பாடின ஒரு அமெரிக்க ஆல்பம் பற்றிய நீண்ட த்ரெட் இது.

ஜிஎச் டாக்டருக்கும் கன்ட்ரி மியூசிக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு மக்களே. கடைசி வரை வாங்க.

2/
குழுவின் பெயர் தி சிக்ஸ். சிக்ஸ்னா ஆறு இல்ல, கோழிக்குஞ்சுகள். இருக்கறதும் மூணு பேர்தான்.

மார்ட்டி மெக்வயர் ஃபிடில் வாசிப்பார். அவர் தங்கை எமிலி ஸ்ட்ரேயர் பாஞ்சோ வாசிப்பார். நேட்டலி மெயின்ஸ்தான் முதன்மைக் குரல். மூணு பேரும் சேர்ந்து பாடுற அந்த இணைக்குரல்தான் இவங்க அடையாளம்.

1989ல் டல்லஸ் நகரத்தில் ஆரம்பிச்ச குழு. 1995ல்தான் நேட்டலி உள்ளே வந்தார். அதுக்கப்புறம் வந்த ‘வைட் ஓபன் ஸ்பேசஸ்’ (1998), ‘ஃப்ளை’ (1999) ரெண்டுமே அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டின.

3/
2003 மார்ச் 10. லண்டன் மேடை. ஈராக் போர் தொடங்க இன்னும் பத்து நாள்தான். எங்க டெக்சஸ் மாநிலத்துக்காரர் அதிபரா இருக்கறது எங்களுக்கு வெட்கமா இருக்குன்னு நேட்டலி ஒரு வார்த்தை சொன்னார்.

அவ்வளவுதான். கன்ட்ரி ரேடியோ நிலையங்கள் அவங்க பாட்டை நிறுத்தின. சிடிக்களைக் கொண்டுவந்து கொட்டி, வண்டி ஏத்தி நசுக்கினாங்க. கொலை மிரட்டல் வந்து, டல்லஸ் நிகழ்ச்சியைப் போலீஸ் பாதுகாப்போட நடத்த வேண்டியதாச்சு.

போருக்குக் காரணமாச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லைங்கறது நமக்குத் தெரியும்.

4/
2006ல் ‘டேக்கிங் த லாங் வே’ ஆல்பம். மன்னிப்புக் கேட்க மாட்டோம்ங்கறதுதான் அதன் தொனி. அடுத்த வருஷம் 5 கிராமி விருதுகள்.

அதுக்கப்புறம் புது ஆல்பமே இல்ல. 14 வருஷம்!

2020 ஜூலை 17ல் வந்ததுதான் ‘கேஸ்லைட்டர்’. கொரோனா ஊரடங்கு காலம். மே மாசம் வர வேண்டியது, தள்ளிப்போய் வந்தது. வெளிவர மூணு வாரம் முன்னாடிதான், அடிமை முறைக் காலத்துத் தென் மாநிலங்களை நினைவுபடுத்துற ‘டிக்சி’ங்கற சொல்லைத் தங்கள் பெயரிலிருந்து எடுத்தாங்க. ‘டிக்சி சிக்ஸ்’, ‘தி சிக்ஸ்’ ஆனது அப்போதான்.

5/
சரி, தலைப்புக்கு வருவோம். கேஸ்லைட்டர்னா நம்ம வீட்ல அடுப்பு பத்த வைக்கிற லைட்டர் இல்ல. :)

1938ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதின ‘கேஸ் லைட்’ங்கற நாடகம். வீட்டு விளக்கோட வெளிச்சம் மங்குது. மனைவி அதைக் கவனிக்கிறாள். மங்கவே இல்ல, உனக்குத்தான் புத்தி சரியில்லைன்னு கணவன் அவளை நம்பவைக்கப் பார்க்கிறான். மங்குறதுக்குக் காரணமே அவன்தான். மாடியில் ரகசியமா இன்னொரு விளக்கை ஏத்தி எதையோ தேடிக்கிட்டு இருப்பான்.

1944ல் வந்த படத்துக்காக இங்க்ரிட் பெர்க்மன் ஆஸ்கர் வாங்கினார். அந்த நாடகத் தலைப்புதான் இன்னைக்கு உலகம் முழுக்கப் புழங்குற சொல்லாயிருச்சு.

6/
ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இப்ப எல்லாப் பொய்க்கும் ‘கேஸ்லைட்டிங்’னு பேர் வைக்கிறாங்க. அது சரியில்ல.

“நான் ஆபீஸ்ல இருந்தேன்” என்பது பொய்.

“நான் ஆபீஸ்லதான் இருந்தேன். உனக்கு எப்பவுமே சந்தேகம். உனக்குத்தான் மனநோய். உங்க அம்மாவும் இப்படித்தானே?” இதைத் திரும்பத் திரும்ப, மாசக் கணக்குல சொன்னா, அது கேஸ்லைட்டிங்.

பொய் ஒரு தகவலை மறைக்குது. கேஸ்லைட்டிங் நம்ம கண்ணு மேலயும் காது மேலயும் நமக்கு இருக்கற நம்பிக்கையையே உடைக்குது.

7/
இனி ஆல்பம். 12 பாடல்கள். நேட்டலியின் கணவர் ஒரு நடிகர். கிட்டத்தட்ட 17 வருஷத் திருமண வாழ்க்கை. 2017ல் விவாகரத்து மனு, 2019 இறுதியில்தான் தீர்ப்பு. பாடல்களின் மையம் இதுதான்.

இது ஒரு தரப்பு மட்டுமேங்கறதை மறக்க வேண்டாம். அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்ல. அந்தத் தரப்பு எவ்வளவு துல்லியமா தன் வலியைச் சொல்லுதுங்கறதைத்தான் பேசறேன்.

8/
முதல் பாட்டுல ஒரு படகு வருது. அதுல ஏதோ நடந்திருக்கு. என்னன்னு சொல்ல மாட்டார். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்ங்கற அளவுல விட்டுடுவார்.

எட்டாவது பாட்டோட தலைப்பிலேயே விடை இருக்கு: தன் படகில், தன்னுடையது அல்லாத ஒரு கால் உறை.

எனக்கு இந்த ஆல்பத்திலேயே முக்கியமான பொருள் அந்தக் கால் உறைதான். “உனக்குத்தான் தோணுது”ன்னு வருஷக்கணக்கா கேட்ட ஒருத்தருக்கு, கையில பிடிச்சுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் கிடைக்குது. அட, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு!

அந்தப் பாட்டுல கோபத்தை விடக் கிண்டல்தான் அதிகம். அந்தச் சிரிப்பு ஒரு நிம்மதிச் சிரிப்புன்னுதான் நான் நினைக்கிறேன்.

9/
ரெண்டாவது பாட்டு தூக்கம் பற்றியது. இதெல்லாம் செஞ்சுட்டு உன்னால எப்படித் தூங்க முடியுதுன்னு கேக்கற பாட்டு.

ஓபியில் உட்கார்ந்தா தெரியும், கேள்வி எவ்வளவு சரியானதுன்னு. ஏமாத்தினவங்க தூக்க மாத்திரை கேட்டு வர்றது அபூர்வம். ஏமாந்தவங்கதான் வருவாங்க. “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிக்குது.”

காரணத்தைக் கேட்டா, பாதிப் பேர் சொல்ல மாட்டாங்க. கூட வந்தவர் வெளியில போன பிறகுதான் வாய் திறக்கும்.

10/
இங்கேதான் நான் மருத்துவரா பேசணும்.

மனசு உடையறதுங்கறது வெறும் உவமை இல்ல. 1990ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு இதயப் பிரச்சினைக்குப் பெயர் வச்சாங்க: டகோட்சுபோ. ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்துற பானையின் பெயர் அது. கழுத்து குறுகல், அடி உருண்டை.

கடுமையான அதிர்ச்சி, துக்கம், பயம். உடம்புல அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பொங்குது. இதயத்தின் இடது கீழறை அடிப்பக்கம் சுருங்காமப் பலூன் மாதிரி உப்பிக்குது. பார்க்க அந்தப் பானை மாதிரியே இருக்கும்.

11/
நெஞ்சுவலி வரும். மூச்சு வாங்கும். இசிஜி மாறும். ட்ரோபோனின் ஏறும். அச்சு அசலா மாரடைப்பு.

ஆஞ்சியோ பண்ணினா, அதுக்குக் காரணமான அடைப்பு ரத்தக்குழாயில இருக்காது!

பாதிக்கப்படுறவங்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 50 வயது தாண்டியவங்க. பலருக்குச் சில வாரங்கள்ல இதயம் பழைய நிலைக்குத் திரும்பிடும். ஆனா சிலருக்கு இதயத்துடிப்பு கோளாறாகி, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகும். ஆக, இது “சும்மா டென்ஷன்” இல்ல.

12/
இப்ப இதை யோசிங்க. 50 வயசு அம்மா, நெஞ்சை அழுத்துதுன்னு ராத்திரி கேசுவாலிட்டிக்கு வர்றாங்க. அவங்க வாய் திறக்கறதுக்குள்ள கூட வந்தவர் முந்திக்கிறார்: “வீட்ல ஒரு சின்னச் சண்டை சார். டென்ஷன். இவங்களுக்கு எப்பவுமே இப்படித்தான்.”

அந்த வார்த்தையை நம்பி ஒரு கேஸ் மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்?

அது நிஜ மாரடைப்பா இருக்கலாம். டகோட்சுபோவா இருக்கலாம். பேனிக் அட்டாக்காவும் இருக்கலாம். இசிஜி எடுக்காம, ட்ரோபோனின் பார்க்காம, “ஒண்ணுமில்ல”ன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. டாக்டருக்கும் கிடையாது.

13/
பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோட மூச்சுத்திணறல், வாந்தி உணர்வு, முதுகுவலி, தாடைவலி, தாங்க முடியாத அசதின்னு வர வாய்ப்பு ஆண்களை விட அதிகம். அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகுதுங்கறது மருத்துவ உலகம் ஒத்துக்கிட்ட விஷயம்.

வீட்ல கணவர் சொன்ன “உனக்குத்தான் தோணுது”வும், ஆஸ்பத்திரியில கேக்கற “ஒண்ணுமில்லம்மா”வும் அந்தப் பெண்ணோட காதுக்கு ஒரே குரல்தான்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்தாக்கூடச் சரியான வாக்கியம் இதுதான்: “இதயத்துல ஆபத்து இல்லம்மா. ஆனா உங்க வலி நிஜம். அது எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம்.”

14/
ஆல்பத்து மேல வச்ச விமர்சனங்களுக்கு வருவோம்.

“வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுத்துட்டாங்க. ரெண்டு பசங்க இருக்காங்களே!”

நியாயமான கேள்வி. பத்தாவது பாட்டைக் கேளுங்க. தாய் மகனிடம் பேசுற பாட்டு. அப்பாவைத் திட்டச் சொல்லல. அவரிடமிருந்து நல்லதை எடுத்துக்கோ, அவர் தவறுகள் உன் தலையெழுத்து இல்லன்னு சொல்றார். முன்னாள் கணவர் மேல அவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டு இதைப் பாடறது சாதாரண விஷயமில்ல.

நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும்ங்கற ஏற்பாடு யாரைக் காப்பாத்துதுன்னும் கேக்கணும். பெரும்பாலும் பசங்களை இல்ல.

15/
“இவ்வளவு கோபம் தேவையா? மன்னிச்சுட்டுப் போகலாமே!”

சீழ் வச்ச கட்டிக்கு மேல தோல் மூடிட்டா ஆறிடுச்சுன்னு அர்த்தமா? உள்ளே பரவும். கீறி, சீழை வெளியேத்தி, அடியிலிருந்து ஆற விடணும். வலிக்கும். ஆனா அதுதான் வைத்தியம்.

கீறின புண்ணைத் தினம் கிளறிக்கிட்டே இருந்தாலும் ஆறாது. அதுவும் உண்மை.

ஆல்பத்தோட வரிசையைக் கவனிச்சா இது புரியும். குற்றச்சாட்டுல ஆரம்பிக்குது. நடுவுல கிண்டல், ஆசை, தோழிகள். கடைசிப் பாட்டுல கத்தல் இல்ல. என்னை விட்டுடு, நான் போகணும்ங்கற ஒரு களைச்ச வேண்டுகோள்தான். கோபம் தன் வேலையை முடிச்சுட்டு விலகிடுது.

16/
எனக்கும் குறைகள் தெரியுது. ஜாக் ஆன்டனாஃப் கூட்டுத் தயாரிப்பு. பாப் பளபளப்பு கொஞ்சம் தூக்கல். மார்ட்டியின் ஃபிடிலும் எமிலியின் பாஞ்சோவும் பழைய ஆல்பங்கள்ல பந்தியில முன்வரிசை. இங்கே சில பாடல்கள்ல ஊறுகாய் மாதிரி ஓரமா நிக்குது. நேட்டலியின் கதை மத்த ரெண்டு பேரையும் மறைக்கிற இடங்களும் இருக்கு.

ஆனா அந்த இணைக்குரல் வரும்போது இதெல்லாம் மறந்துபோகுது. காரணம் சொல்றேன்.

17/
மூணு பேருமே விவாகரத்தைக் கடந்தவங்க. எமிலியின் முதல் கல்யாணத்துலதான் நேட்டலி தன் கணவரையே சந்திச்சார். தோழியின் ரெண்டு கல்யாணங்களை வச்சு இந்த ஆல்பத்துல ஒரு பாட்டே இருக்கு.

ஒருத்தி தனியா நின்னு “விளக்கு மங்குது”ன்னா, பைத்தியம்னு சொல்லலாம். பக்கத்துல ரெண்டு பேர் நின்னு “ஆமா, மங்குது, நாங்களும் பார்த்தோம்”னு சேர்ந்து சொன்னா?

இந்த ஆல்பத்துல இணைக்குரல் வெறும் அழகுக்கு இல்ல. அது சாட்சி.

2003லயும் அதுதான் நடந்துச்சு. நேட்டலி சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மூணு பேரும் விலை கொடுத்தாங்க. மத்த ரெண்டு பேரும் அவரை விட்டுப் போகல.

18/
காதல் தோல்விப் பாட்டுன்னா சோகம், தாடி, மழைன்னு நாம பழகிட்டோம். அதெல்லாம் காதலை இழந்த சோகம்.

‘கேஸ்லைட்டர்’ பேசறது வேற இழப்பு. தன் மேலேயே இருந்த நம்பிக்கையை இழந்து, அதைத் திரும்ப வாங்கற கதை. காதல் போனா இன்னொரு காதல் வரலாம். என் கண்ணால பார்த்ததை நானே நம்ப மாட்டேன்ங்கற நிலை வந்துட்டா, அப்புறம் எந்தக் காதலும் பாதுகாப்பு இல்ல. ஒன்பதாவது பாட்டுல மூணு பேரும் தங்கள் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நிதானமா இருங்க, தலை நிமிர்ந்து நடங்கன்னு சொல்றது இதுக்காகத்தான்.

19/
இதிலிருந்து நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியவை:

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை. சண்டைக்கு அப்புறம் வந்தாலும், சாவு வீட்ல வந்தாலும், உடனே இசிஜி. “டென்ஷன்”னு வீட்ல உட்காராதீங்க. 108ஐ அழைங்க.

• “எனக்குத்தான் புத்தி சரியில்லையோ”ன்னு அடிக்கடி தோணுதா? நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைங்க. மத்தவங்க கைக்குப் போகாத இடத்துல வைங்க. எழுத்து உங்க கால் உறை.

• நம்பிக்கையான ஒரே ஒருத்தரிடமாவது சொல்லுங்க. சாட்சி முக்கியம்.

• தூக்கமில்லாம, சாப்பிட முடியாம, வாழவே பிடிக்கலன்னு தோணினா டெலி மானஸ் 14416. தமிழ்லயே பேசலாம். வீட்ல வன்முறை இருந்தா 181.

20/
தோழியோ, தங்கையோ, அம்மாவோ உங்ககிட்ட வந்து “ஏதோ சரியில்ல”ன்னு சொன்னா, தயவுசெஞ்சு “உனக்குத்தான் தோணுது”ன்னு ஆரம்பிக்காதீங்க.

“என்ன பார்த்தே, சொல்லு”ன்னு கேளுங்க.

ஆல்பத்தை ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, முதல் பாட்டுலேர்ந்து வரிசை மாத்தாமக் கேளுங்க. 47 நிமிஷம்தான் ஆகும்.