வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

2021 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசக் கிராம ஊராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, குண்டூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் உயர்நீதிமன்றத்தை நாடினார். தேர்தல் 2019-ஆம் ஆண்டின் வாக்காளர் பட்டியலைக் கொண்டு நடக்கவிருந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு அதில் இடமில்லை. அத்தகையோர் ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் என்று மாநிலத் தேர்தல் ஆணையர் என். ரமேஷ் குமாரே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். புதிய பட்டியலை ஊராட்சித் துறை உரிய காலத்தில் தரவில்லை என்பது ஆணையத்தின் விளக்கம். வழக்கால் தேர்தல் நிற்கவில்லை. பிப்ரவரி 9, 13, 17, 21 ஆகிய நாட்களில் பழைய பட்டியலின்படியே வாக்குப்பதிவு நடந்து முடிந்தது.

விடுபட்ட அனைவரும் கல்லூரி வயதினர். அவர்களுள் எத்தனை பேர் தம் பெயர் விடுபட்டதை வாக்குப்பதிவுக்கு முன்பே அறிந்திருப்பர்? நாட்டின் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று தேசிய வாக்காளர் நாள் கொண்டாடப்படுகிறது. உறுதிமொழி வாசிக்கப்படுகிறது, கோலப்போட்டி நடக்கிறது, மறுநாள் நாளிதழில் படமும் வருகிறது. 2018 முதல் தேர்தல் எழுத்தறிவு மன்றங்களும் இயங்குகின்றன. இவை அனைத்தும் மாணவருக்குக் கற்பிப்பது ஒன்றையே: வாக்களிக்கத் தவறாதே. பட்டியலில் பெயரே இல்லாதவருக்கும், போட்டியே இல்லாத ஊரில் வாழ்பவருக்கும் அந்த உறுதிமொழியால் என்ன பயன் என்ற கேள்வியை எந்த மன்றமும் எழுப்புவதாகத் தெரியவில்லை.

உள்ளாட்சித் தேர்தலின் மெய்யான களம் வாக்குச்சாவடி அன்று. அதற்கு முந்தைய சில நாட்களே. 2021 ஊராட்சித் தேர்தலின் முதற்கட்ட அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம். வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 29 முதல் 31 வரை மூன்று நாட்கள். பிப்ரவரி 1 பரிசீலனை. மனு தள்ளுபடியானால் மேல்முறையீட்டுக்கு ஒரு நாள். அதன் மீது முடிவெடுக்க இன்னொரு நாள். பிப்ரவரி 4 பிற்பகல் மூன்று மணியுடன் மனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிகிறது. 9-ஆம் தேதி காலை ஆறரைக்கு வாக்குப்பதிவு தொடங்கி, அன்று மாலையே எண்ணிக்கையும் நடக்கிறது. யார் போட்டியிடலாம், யார் விலகவேண்டும், போட்டி இருக்குமா இல்லையா என்பதெல்லாம் முதல் ஏழு நாட்களில் தீர்ந்துவிடுகிறது. மாணவர்க்குச் சொல்லித்தரப்படும் தேர்தலோ எட்டாம் நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சித்தூர் மாவட்டத்துக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. முதற்கட்டத்தில் சித்தூர், குண்டூர் ஆகிய இரு மாவட்டங்களில் போட்டியின்றித் தேர்வானோர் மிகுந்திருந்ததால், அம்முடிவுகளை உடனே அறிவிக்க வேண்டாம் என்று ஆணையர் ஆட்சியர்களுக்கு உத்தரவிட்டு அறிக்கை கேட்டார். அடுத்த மாதம் நடந்த நகராட்சித் தேர்தலில் அதே மாவட்டத்தின் புங்கனூரில் அனைத்து வார்டுகளும் போட்டியின்றியே நிரம்பின. அந்நகரில் வாக்குப்பதிவு என்ற ஒன்றே நிகழவில்லை. மண்டல, ஜில்லா பரிஷத் தேர்தல்களில் மாநிலம் முழுவதும் 2,371 மண்டலத் தொகுதிகளும் 126 ஜில்லா பரிஷத் தொகுதிகளும் இவ்வாறே முடிந்தன.

போட்டியின்மையை அரசே ஊக்குவிக்கவும் செய்தது. ஒருமனதாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 5 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. பகையும் செலவும் குறையும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அது முற்றிலும் பொய்யன்று. சிற்றூர்களில் தேர்தல் பகை தலைமுறைகளைத் தாண்டி நீடிப்பதை அறிந்தோர் அந்த நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிடமாட்டார்கள். ஆனால் ஊர் கூடிப் பேசி எட்டிய உடன்பாட்டையும், மனுவைத் திரும்பப் பெறும்படி ஒருவரை மிரட்டிப் பெற்ற உடன்பாட்டையும் முடிவுத்தாள் ஒரே சொல்லால் குறிக்கிறது. தெலுங்கில் அதற்கு 'ஏககிரீவம்' என்று பெயர். ஒரே கழுத்து என்பது அதன் நேர்ப்பொருள். இரண்டையும் பிரித்தறிய மனுக்களின் வரலாற்றைப் படிக்கத் தெரியவேண்டும்: எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை தள்ளுபடியாயின, எக்காரணத்தால், எத்தனை கடைசி மணிநேரத்தில் திரும்பப் பெறப்பட்டன. அரசியல் அறிவியல் துறைகளில் வாக்களிப்பு நடத்தை பற்றிய ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. வேட்புமனுக்களைப் பற்றிய ஆய்வேடுகளைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

தமிழகக் கல்லூரிகளும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின், 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நிகழ விடப்படவில்லை. சில வேளைகளில் மனுவே தாக்கலாகவில்லை. சில வேளைகளில் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006-இல்தான் அந்நிலை மாறியது. இடஒதுக்கீட்டுச் சுழற்சி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, பதவி விலகலுக்குப் பின் சட்டம் என்ன செய்கிறது என்பவற்றை அறியாமல் அந்தப் பத்தாண்டுகளைப் புரிந்துகொள்ள இயலாது.

தேர்வுத்தாள்களில் ஆண்டுதோறும் வரும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் இங்கே நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைத் தொன்மைப் பெருமையாக மனப்பாடம் செய்யும் மாணவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அக்கல்வெட்டு ஒரு நடைமுறைக் கையேடு. எவருக்குத் தகுதி, கணக்குக் காட்டாதவரும் அவருடைய எந்தெந்த உறவினரும் விலக்கப்படுவர், குடத்திலிருந்து ஓலையை எடுப்பது யார் என்பதையெல்லாம் வரிவரியாகச் சொல்கிறது. நிலவுடைமையாளர்க்கு மட்டுமே திறந்திருந்த சபை அது. மக்களாட்சி என்று அதை அழைப்பது மிகை. எனினும் முறைகேடு எங்கே நுழையும் என்பதை அதை வெட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

விஜயபுரம் போன்ற எல்லை மண்டலங்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதன் மறுபுறம் தமிழ் பேசும் ஊர்கள் பல ஆந்திரத்திலேயே நின்றன. அவ்வூர்களில் வளர்ந்து திருத்தணியிலோ சென்னையிலோ பட்டம் படிக்கும் மாணவர், தமிழ்நாட்டு ஊராட்சி முறையைப் பாடத்தில் கற்கிறார். வாக்குரிமை இருப்பதோ ஆந்திர ஊராட்சிச் சட்டத்தின் கீழ். பாடநூலில் ஊராட்சி ஒன்றியம். ஊரில் மண்டலப் பரிஷத். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமான பிறகும், ஜில்லா பரிஷத் மட்டும் பழைய சித்தூர் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றாகவே தொடர்ந்தது. ஆட்சியர் ஓரிடம், பரிஷத் வேறோரிடம் என்ற இந்த நிலையைத் திருப்பதிக் கல்லூரி ஒன்றின் மாணவருக்கு எந்தப் பாடநூலும் விளக்கப்போவதில்லை.

இதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை; வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆந்திரக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 180 மணிநேரச் சமூகப் பணித் திட்டத்தைக் கட்டாயமாகச் செய்யவேண்டும். அதற்காக ஊர்களில் நடத்தப்படும் கழிப்பறைக் கணக்கெடுப்புகளும் விழிப்புணர்வுப் பேரணிகளும் போதிய அளவுக்கு நடந்துவிட்டன. அந்நேரத்தில் ஒரு பகுதியில் மாணவர் தம் சொந்த வார்டின் வாக்காளர் பட்டியலைப் பெயர் பெயராகப் படிக்கட்டும். இறந்தவர் இருக்கிறாரா, மணமாகி வந்த பெண் விடுபட்டாரா, தம் பெயர் உள்ளதா என்று சரிபார்க்கட்டும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே உருவாகிறது. அங்கே படிவம் ஆறு நிரப்பாதவர் இங்கே தேடிப் பயனில்லை. அடுத்து வகுப்பிலேயே உண்மையான வேட்புமனுப் படிவத்தை நிரப்பி, ஒருவர் தேர்தல் அலுவலராக அமர்ந்து பரிசீலிக்கட்டும். முன்மொழிபவர் எந்த வார்டு வாக்காளர், உறுதியாவணத்தில் எந்த இடம் வெற்றாக விடப்பட்டது, அதற்காகத் தள்ளுபடி செய்யலாமா என்று வாதிடும் ஒரு மணிநேரம், மக்களாட்சி பற்றிய பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேலானது. எல்லை மண்டல மாணவர் இரு மாநிலப் படிவங்களையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்டுள்ள மாநிலத்தில், மாணவியரே இப்பயிற்சியில் முன்னிற்பது பொருத்தம். இருபத்தோரு வயதில் அவர்கள் போட்டியிடலாம். பலருக்கு அது இறுதியாண்டுக்கு மறுஆண்டு.

கல்லூரிக்குள் அரசியல் நுழைந்துவிடும் என்ற முதல்வர்களின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. அதனினும் கூர்மையான கவலை ஒன்று உண்டு. மனுவைத் திரும்பப் பெற்றவர் வீட்டு வாசலில் நின்று ஏன் என்று கேட்கும் பத்தொன்பது வயது மாணவியை அந்தக் கேள்வியே ஆபத்தில் தள்ளலாம். ஆகவே களப்பணி ஆவணங்களோடு நிற்கட்டும். அறிவிக்கை, மனுப் பட்டியல், பரிசீலனை ஆணை, இறுதிப் பட்டியல் ஆகியவை பொது ஆவணங்கள். அவற்றைக் கேட்டுப் பெற்று வரிசைப்படுத்தினாலே போதும். கேட்கும் கடிதத்தில் மாணவர் பெயருக்குப் பதில் துறைத்தலைவர் கையொப்பமிடவேண்டும். பொறுப்பு இருக்கவேண்டிய இடம் அதுவே.

2021-இல் பொறுப்பேற்ற சர்பஞ்சுகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026-இல் முடிகிறது. அன்று பட்டியலில் விடுபட்டவர்கள் பட்டம் பெற்றுக் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். அன்று பள்ளியில் படித்தவர்களே இன்று அவர்களுடைய இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள். தம் வார்டு எண்ணை அவர்களிடம் கேட்க எந்த ஆசிரியருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.